அத்தாவின் கையும் குரலும்

என் அத்தாவின், அதாவது அப்பாவின், வலது காறை எலும்புக்குக் கீழே, தோல் ஒரு சின்ன சோப்பு டப்பா அளவுக்குப் புடைத்துக்கொண்டிருக்கும். உள்ளே இருந்தது பேட்டரி. அதிலிருந்து இரண்டு ஒயர் தோலுக்கு அடியிலேயே கழுத்தோரம் ஏறி, காதுக்குப் பின்னால் போய், மண்டை ஓட்டில் போட்ட துளை வழியாக மூளைக்குள் இறங்கியிருந்தது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு அத்தாவின் தொப்பியைப் பார்ப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மா, "மழைக்காலத்துல பக்கத்துல உக்காந்தா ஷாக் அடிக்காதா?" என்று கேட்டார். "அடிக்கும், தள்ளியே உக்காருங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் நிஜமாகவே தள்ளித்தான் உட்கார்ந்தார். என் வாய் வாங்கித் தந்த பலன்கள் எல்லாம் இந்த ரகம்தான்.

அந்தப் பேட்டரிக்கு ஒரு ரிமோட் உண்டு. அதை நெஞ்சின் மேல் வைத்து அழுத்தினால் கரண்டின் அளவு கூடும், குறையும். டாக்டர் இரண்டு அளவு வைத்துக் கொடுத்திருந்தார். கூடுதல் அளவில் கை ஆடாது, கால் நன்றாக நடக்கும், ஆனால் நாக்கு குழறும். குறைந்த அளவில் பேச்சு தெளிவாக வரும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குள் இரண்டு கையும் ஆட ஆரம்பித்துவிடும். நின்ற கையும் தெளிந்த குரலும் சேர்ந்து அவருக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. என் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெளிநாடு போவதற்கு முன் அத்தா தஞ்சாவூர் கும்பகோணம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பாபநாசத்தில் நின்று அவர் ஊர் பேரைக் கூவினால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவார்கள் என்று சொல்வார்கள். வீட்டிலும் அதே குரல்தான். குளிக்கத் துண்டு கேட்டால்கூட மூன்றாவது வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள். நான் எட்டாவது படிக்கும்போது துபாய்க்குப் போனார். அப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு ஆண் வெளிநாட்டில் இருந்தார். மிச்சமிருந்த ஆண்கள் விசாவுக்குக் காத்திருந்தார்கள்.

அங்கே துணிக்கடையில் வேலை. கேட்ட அளவுக்குத் துணியை அளந்து கத்தரியால் நேராக ஓட்டி வெட்ட வேண்டும். மூன்றாவது வருஷம் கத்தரி கோணலாக ஓடத் தொடங்கியது. முதலில் கத்தரியை மாற்றினார்கள். பிறகு கண்ணாடி போடச் சொன்னார்கள். கடைசியில் கை ஆடுவதை முதலாளியே பார்த்துவிட்டார். நல்ல மனுஷர், "ஊருக்குப் போய் வைத்தியம் பாத்துட்டு வாங்க" என்று டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார். அது ஒரு வழி டிக்கெட்.

ஊரில் முதலில் கண்ணேறு என்றார்கள். தாயத்து கட்டினோம், ஓதிய தண்ணீர் குடித்தார். தஞ்சாவூர் டாக்டர்தான் நடுக்குவாதம் என்று பெயர் சொன்னார். வயசானவர்களுக்கு வருவது, இவருக்கு நாற்பத்தைந்திலேயே வந்துவிட்டது. மாத்திரை சில வருஷம் கேட்டது. பிறகு மாத்திரைக்கும் உடம்புக்கும் பேச்சுவார்த்தை முறிந்துபோனது. மருந்து வேலை செய்யும்போது நடப்பார். அது இறங்கினால் வாசப்படியில் கால் ஒட்டிக்கொள்ளும். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் நெற்றி தரையில் பட ஸஜ்தாவுக்குக் குனிந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. தொழுகை முடிந்த பிறகு நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அவர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக்கூடப் போகவில்லை.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் பற்றிச் சொன்னார்கள். மூளைக்குள் மெல்லிய கம்பியை இறக்கி, விடாமல் கொஞ்சம் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருந்தால் நடுக்கம் அடங்கும், வியாதி போகாது, ஆனால் நாள் இலகுவாகும் என்றார் டாக்டர். ஆபரேஷன் நடக்கும்போது அத்தா விழித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். அம்மா உடனே எழுந்து வெளியே போய்விட்டாள். துபாய்க் காசில் வாங்கிப் போட்ட வயலை விற்று அத்தாவைக் கூட்டிப்போனோம்.

முந்தின நாளே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். நடுக்கம் முழுசாக வெளியே தெரிந்தால்தான் கம்பி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க முடியுமாம். காலையில் தள்ளுபடுக்கையில் போகும்போது அத்தா மரக்கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தார். கை மட்டும் போர்வையைத் தட்டிக்கொண்டே இருந்தது. மொட்டையடித்த தலையில் இரும்பு வளையத்தைத் திருகி வைத்திருந்தார்கள். அம்மா பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

உள்ளே நடந்ததை அத்தாவே பிறகு சொன்னார். துளை போடும்போது வலிக்கவில்லையாம், ரைஸ்மில் மெஷினுக்குள் தலையை விட்ட மாதிரி சத்தம் மட்டும் கேட்டதாம். கம்பியை இறக்கிய பிறகு டாக்டர், "ஏதாவது பேசிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க" என்றாராம். மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு மனுஷன் எதைப் பேசுவான்? அத்தா ஸ்டாப் கூவ ஆரம்பித்திருக்கிறார். பசுபதிகோவில், ஐயம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி, பாபநாசம், சுந்தரபெருமாள்கோவில், தாராசுரம், கும்பகோணம். கும்பகோணம் வந்ததும் திரும்பி தஞ்சாவூருக்கு. டாக்டர் கரண்டைக் கூட்டிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் கை நின்றது. இன்னும் கொஞ்சம் கூட்டியபோது பண்டாரவாடை வாய்க்குள்ளேயே மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. டாக்டர் குறைத்தார். பண்டாரவாடை வந்தது.

மத்தியானம் ஒரு சின்ன டாக்டர் வெளியே வந்து, "கை நின்னுடுச்சும்மா" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

இரண்டு வருஷம் நன்றாக இருந்தது. பள்ளிவாசலில் வரிசையில் நின்று தொழுதார், குனிந்தார், தானாக எழுந்தார். சொந்தக் கையால் டீ குடித்தார். பிறகு வியாதி தன் பங்குக்கு வளர்ந்தது. ஒவ்வொரு தடவை சென்னைக்குப் போகும்போதும் கரண்டைக் கொஞ்சம் கூட்டினார்கள். கை அடங்கியது, நாக்கு தடித்தது. பஸ்ஸையே நிறுத்திய குரல், வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி ஆனது. டாக்டர் இரண்டு அளவு வைத்துக் கொடுத்தது அப்போதுதான். "எப்ப எது வேணுமோ நீங்களே மாத்திக்குங்க" என்றார். அத்தா எப்போதும் கைக்கான அளவிலேயே வைத்திருந்தார். குழறினால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம், ஆடுகிற கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பார். அப்படி என் அத்தா பேசாத மனுஷராக ஆகிப்போனார். எனக்கு அது பொறுக்கவில்லை. ரிமோட் பத்திரமாக அம்மாவின் கைப்பையில் கிடந்தது.

இந்தச் சமயத்தில்தான் குத்தாலத்திலிருந்து எனக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை, அவருடைய அப்பாவுக்கும் அங்கேயே மளிகைக்கடை. கொண்டுவந்தவர் சின்னத்தா, அத்தாவின் தம்பி. உரக்கடை வைத்திருந்தார். எங்களுக்கு ஒன்று என்றால் முதலில் வந்து நிற்பார், உயிரையும் கொடுப்பார். உயிரோடு நாலு பொய்யையும் சேர்த்துக் கொடுப்பார். வியாதியைப் பற்றி அவர் மாப்பிள்ளை வீட்டில் மூச்சுக்கூட விடவில்லை. கை நிற்கிறது, தழும்பைத் தொப்பி மறைக்கிறது, பிறகு என்ன?

எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். போட்டோவில் சுமாராகத்தான் இருந்தார். ஆனால் போனில் ஒரு தடவை பேசியபோது, "நீங்க மேல படிக்கணும்னா படிக்கலாம், எங்க வீட்டுல நான் பேசிக்கிறேன்" என்றார். பெண் பார்க்க வந்த இடங்களில் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. நான் அந்தக் குரலை மனதில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

நிச்சயம் பேசி முடித்த வாரத்தில் மாப்பிள்ளையின் அப்பா துபாயிலிருந்து செல்போனில் அத்தாவைக் கூப்பிட்டார். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம். அத்தா சலாம் சொன்னார். குழறியது. நலம் விசாரித்தார். அதுவும் குழறியது. பதற்றத்தில் இன்னும் மோசமாகி, கடைசியில் என்ன சொன்னார் என்று எங்களுக்கே புரியவில்லை. போனை வைத்த பிறகு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சின்னத்தா வேர்த்து விறுவிறுத்து வந்தார். மாப்பிள்ளையின் அப்பா அவருக்குப் போன் செய்து, தயங்கித் தயங்கி, "உங்க அண்ணனுக்கு அந்தப் பழக்கம் ஏதும் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். சாயந்திர நேரம், துபாயில் இருந்த ஆள், நாக்கு குழறுகிறது. அவர் வேறு என்ன நினைப்பார்? ஐந்து வேளையும் தொழுகிற மனுஷரைப் பார்த்துக் குடிகாரரா என்று கேட்டுவிட்டார்கள். அத்தாவின் முகம் சுருங்கிப்போனது. எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் குத்தாலத்துக்கே தீ வைத்திருப்பேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பல் செட்டு கட்டியிருக்காருன்னு சொல்லிட்டேன்" என்றார் சின்னத்தா. "புதுசா கட்டுனது, இன்னும் செட் ஆகலைன்னு."

அத்தா வாயைத் திறந்து தன் பல்லைக் காட்டினார். ஒரு பல்லும் விழவில்லை, சொத்தைகூடக் கிடையாது. கரும்பைக் கடித்துத் தின்கிற பல். அப்புறம் குழறிக் குழறி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார்.

"சொல்லுங்கண்ணே, தாராளமா சொல்லுங்க" என்றார் சின்னத்தா. "சொல்லிட்டுப் பொண்ணை வீட்டுலயே வச்சுக்குங்க. இது பரம்பரையா வருமான்னுதான் முதல்ல கேப்பாங்க. என்ன பதில் சொல்லுவீங்க?"

பெரும்பாலும் அப்படி வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரும்பாலும் என்கிற சொல்லைக் கல்யாணம் பேசுகிற இடத்தில் விற்க முடியாது. அம்மா என்னைப் பார்த்தாள், அத்தாவும் என்னைப் பார்த்தார். பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டார். பல் செட்டு நிலைத்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் லீவில் வந்தபின் குத்தாலத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு விருந்து வைத்தார்கள். எல்லோருக்கும் பிரியாணி. அத்தாவுக்கு மட்டும் குழைந்த கஞ்சியும் பாலில் ஊறிய இடியாப்பமும். "பல்லு பழகுற வரைக்கும் கஷ்டம்தான், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அன்பாகப் பரிமாறினார். அத்தா நின்ற கையோடு அந்தக் கஞ்சியைக் குடித்தார். இதை அம்மா வீட்டுக்கு வந்து சொன்னபோது முதலில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

கல்யாணம் நெருங்கியபோதுதான் பெரிய சிக்கல் தலைகாட்டியது. எங்கள் ஊர் வழக்கப்படி நிக்காஹ் சபையில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் எதிரே உட்கார்ந்து, அவர் கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று மைக்கில் சொல்ல வேண்டும். ஜமாஅத் முழுக்கக் கேட்க வேண்டும். கை வேண்டும், குரலும் வேண்டும், இரண்டும் ஒரே சமயத்தில். குழறினால் நிக்காஹ் சபையிலேயே குடித்துவிட்டு வந்தவர் என்று ஆகும். ஆடினால் மறைத்ததெல்லாம் மாப்பிள்ளையின் கைக்குள்ளேயே தெரிந்துவிடும்.

"நான் வகீலா நின்னு சொல்லிடுறேன்" என்றார் சின்னத்தா. தகப்பனுக்குப் பதில் இன்னொருவர் நின்று சொல்லலாம், அதற்கு வழி உண்டு. "யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கண்ணே. பல்லு சரியில்லைன்னு சொல்லிக்கலாம்."

அத்தா சரி என்று தலையசைத்தார். அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து, சோற்றைத் தொடாமலே எழுந்துவிட்டார். ஒரே மகள் நான்.

பாபநாசத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். கீழே ஆண்கள் சபை, மாடியில் பெண்கள். நான் மாடியில் ஒரு அறையில் சரிகையும் மல்லிகையுமாக உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. கீழே நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது, அந்தப் பெட்டி சொல்வதுதான் எங்களுக்குச் செய்தி. பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதிக்கொண்டிருந்தார். அப்போது இரண்டு சாட்சிகளுடன் சின்னத்தா மேலே வந்தார். பெண்ணிடம் சம்மதம் கேட்பது முறை. பெண் தலையைக் குனிந்துகொண்டு ம் என்றால் போதும். அதுவும் இல்லாமல் சும்மா இருந்தாலும் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

சாட்சிகளில் மூத்தவர் கேட்டார். "உங்க சின்னத்தாவை வகீலா வச்சு, இந்த மாப்பிள்ளைக்கு உங்களை நிக்காஹ் செஞ்சு குடுக்கச் சம்மதமாம்மா?"

"இல்ல" என்றேன்.

யாரோ, "யா அல்லாஹ்" என்றார்கள். அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சாட்சிக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. பாவம், கீழே போய் மாப்பிள்ளையிடம் என்ன சொல்வது என்று அவர் கணக்குப் போட்டிருப்பார்.

"மாப்பிள்ளைக்குச் சம்மதம்" என்றேன். "வகீலுக்குத்தான் சம்மதமில்ல. என் அத்தா உயிரோட கீழ உக்காந்திருக்காங்க. அவங்க குடுக்கட்டும்."

சின்னத்தா குனிந்து என் காதருகில் வந்தார். "புத்தியோட பேசும்மா. அவருக்குப் பேச வராது."

"வரலைன்னா வராம போகட்டும். வேற யாரும் என்னைக் குடுக்க வேணாம்."

அவர் கண் கலங்கியிருந்தது. கோபமா, வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. மூவரும் இறங்கிப் போனார்கள். அறையிலிருந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னது சரி என்று தெரியும். அதற்கான விலையை அத்தா கொடுக்கப்போகிறார் என்பதும் தெரியும். ஒருவேளை நானும்.

சற்று நேரத்தில் சின்னத்தா தனியாகத் திரும்பி வந்து வாசலில் நின்றார். "அண்ணி, அண்ணன் ரிமோட்டு கேக்குறாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பையிலயே இருக்கட்டும், வீட்டுல இருக்குன்னு நான் சொல்லிக்கிறேன். ஆடுற கையோட அத்தனை பேர் முன்னாடி வேணாம்" என்றார்.

அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஸஜ்தாவில் விழுந்து கிடந்த கணவனை நாலு பேர் தூக்கிக் கொண்டுவந்து வீட்டில் விட்டபோது கதவைத் திறந்தவள் அவள். அந்தக் கையை ஊர் பார்க்கக் கூடாது என்று தினமும் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் அவள். கொடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் பையைத் திறந்து ரிமோட்டை எடுத்து, முந்தானையால் ஒரு தடவை துடைத்து, சின்னத்தாவிடம் நீட்டினாள். "கேட்டாங்கல்ல, கொண்டுபோய்க் குடுங்க" என்றாள்.

ஸ்பீக்கரில் ஹஜ்ரத்தின் குரல், கொஞ்சம் பொறுங்க என்றது. பிறகு மின்விசிறிகளின் இரைச்சல், யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை அழுதது. இப்போது அத்தா சட்டைக்குள் கையை விட்டு ரிமோட்டை நெஞ்சில் வைத்திருப்பார். இப்போது அழுத்தியிருப்பார். கை இன்னும் ஆடியிருக்காது. இப்போது ஆட ஆரம்பித்திருக்கும். மைக்கை யாரோ எடுத்துக் கொடுக்கும் உரசல் கேட்டது. உடனே டக், டக், டக் என்று ஒரு சத்தம். மைக் அத்தாவின் சட்டைப் பொத்தானில் மோதிக்கொண்டிருந்தது. அவருடைய கை ஆடுவது மண்டபம் முழுவதும் ஒலிபெருக்கியில் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஜமாஅத்தார் மன்னிக்கணும்" என்றார் அத்தா.

என் அத்தாவின் குரல். ஒரு பிசிறு இல்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிக்காஹுக்கு முன்னாடி மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு சொல்லணும். என் கை ஆடுறதைப் பாக்குறீங்க. இது பயத்துல இல்ல, வியாதி. நடுக்குவாதம். ரொம்ப வருஷமா இருக்கு. மூளைக்குள்ள ஒயர் வச்சிருக்கு. கரண்டைக் கூட்டுனா கை நிக்கும், நாக்கு குழறும். குறைச்சா இப்படி. சம்பந்தி, போன்ல நீங்க கேட்டது அந்தக் குழறல்தான். நான் ஒருநாளும் குடிச்சதில்ல. பல்லும் என் சொந்தப் பல்லு."

யாரோ ஒருவர் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார். பொத்தானில் மைக் தட்டிக்கொண்டே இருந்தது.

"என் தம்பி மேல தப்பு இல்ல. நானும் சேர்ந்துதான் மறைச்சேன். மகளுக்கு நல்ல இடம் போயிடுமோன்னு பயந்தேன். இந்த வியாதி பெரும்பாலும் பிள்ளைங்களுக்கு வராதுன்னு டாக்டர் சொன்னாரு. பெரும்பாலும்னுதான் சொன்னாரு. இதெல்லாம் தெரிஞ்சு கையைக் குடுக்கிறதுன்னா குடுங்க மாப்பிள்ளை. இல்லைன்னா எந்திரிச்சுப் போங்க. எனக்கு வருத்தமில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "வருத்தம் இருக்கும். கோவம் இருக்காது."

அதோடு அவர் பேச்சு முடிந்தது. டக், டக், டக். அதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. நான் ஸ்பீக்கர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்கு வாய் இருப்பதைப் போல. மாப்பிள்ளை என்ன செய்கிறார்? ஏன் யாரும் பேசவில்லை? கீழே ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. யாரோ எழுந்துவிட்டார்கள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

திடீரென்று அந்தத் தட்டல் நின்றது.

முடிந்தது என்று நினைத்தேன். மைக்கைக் கீழே வைத்துவிட்டார்கள். அல்லது அத்தா ரிமோட்டை மறுபடி அழுத்திவிட்டார், இனி அவர் வாயைத் திறந்தால் குழறல்தான் வரும். தலையிலிருந்த பூவைப் பிய்த்து எறிய வேண்டும் போல இருந்தது.

ஸ்பீக்கர் கரகரத்தது. அத்தாவின் குரல் என் பெயரைச் சொன்னது. "என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்" என்றது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, நின்று, மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் போகிற குரலில். பொத்தான் சத்தம் இல்லை. ஒரு தட்டல்கூட இல்லை. இரண்டும் சேர்ந்து வருவது நடக்காத காரியம், எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே மாப்பிள்ளையின் குரல், கொஞ்சம் நடுங்கி, "ஒப்புக்கொண்டேன்" என்றது. பெண்கள் நபிகள் மேல் சலவாத் சொன்னார்கள். யாரோ என் வாயில் சர்க்கரையைத் திணித்தார்கள்.

கீழே நடந்ததை மச்சான்தான் எனக்குப் பிறகு சொன்னார், என் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அத்தா பேசி முடித்த உடனேயே மச்சான் கையை நீட்டிவிட்டாராம். ஆனால் அத்தா ஒரு கையில் மைக்கை வைத்துக்கொண்டு, அதையும் கீழே விழாமல் பிடிக்க முடியாமல், மறுகையை அவர் கைக்குள் நிறுத்தவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் மாமனார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். போகத்தான் எழுகிறார் என்று மச்சானே பயந்துபோனாராம். மாமனார் நேரே அத்தாவிடம் வந்து, அவர் விரல்களிலிருந்து மைக்கை மெல்ல எடுத்து, அவர் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"இதை நான் புடிச்சுக்கிறேன் சம்பந்தி" என்றாராம். "நீங்க ரெண்டு கையாலயும் என் மகன் கையைப் புடிங்க."